பெயரின் மேல் வெட்டு விழுவது ஏன்?

சுயதொழில் என்றவுடன் தையல் மெசினும் கோழி வளர்ப்பும்தான் எமது பெண்களின் நினைவுக்கு வரும். லுணுகலையில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து லேசர் வெட்டும் இயந்திரம் ஒன்றை வைத்துத் தொழில் செய்கிறோம். பெயர்ப் பலகை, சாவிக் கோர்வை, பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கான பதக்கம், கல்யாணப் பரிசு, நினைவுப் பலகை ஆகியவை எமது வேலைகள். எம்மில் இருவர் முன்பு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். இன்னொருவரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அவ்வாறான ஒரு குடும்பத்தில் பிறந்து, 2009 இல் போர் முடிந்த பின்னர் கைக்குழந்தையுடன் இங்குள்ள உறவினரிடம் வந்து சேர்ந்தவர் அவர்.

பதுளையிலிருந்து வரும் பாதை பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா என்று இறங்கிச் செங்கலடியில் முடிகிறது. அதனால் எமக்கு மட்டக்களப்புப் பக்கத்திலிருந்தும் வேலை கிடைக்கிறது. அப்படி வருபவற்றில் நினைவுப் பலகைகள் அதிகம். போரில் இறந்தவரின் படம், பெயர், பிறந்த நாள், மறைந்த நாள், சுற்றிவர ஒரு கொடி வேலைப்பாடு, அதற்கு வெளியே விளிம்பு வெட்டு. இவ்வளவுதான் வேலை.

இந்த வேலையில் வரும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. எழுத்துகளைப் பொறித்த இடமும் விளிம்பை வெட்டிய இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் விலகிப் போவது. சாவிக் கோர்வையில் இப்படி நடந்தால் ஒரு துண்டுப் பலகை நட்டம். நினைவுப் பலகையில் வெட்டு, பெயரின் கடைசி எழுத்தின் மேல் போய்விட்டால், அதை ஒரு தாயின் கையில் கொடுக்க முடியாது. நட்டம் பலகையோடு நிற்பதில்லை. "பொம்பளைங்க கையில மெசினக் குடுத்தா இப்படித்தான்" என்ற பேச்சும் வருகிறது. திருத்துபவரை அழைத்தால் அவர் வரும்வரை தொழில் நிற்கிறது, கடன் தவணை நிற்பதில்லை.

ஆகவே இந்த விலகலின் காரணத்தை நாமே கண்டுபிடிப்பது எப்படி என்பதை எமது அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன். விலகல் கண்டபடி வருவதில்லை. எங்கே கோளாறோ அதற்கேற்ற அடையாளத்தைப் பலகையில் விட்டுச் செல்கிறது. அந்த அடையாளத்தை வாசிக்கத் தெரிந்தால், தேவையில்லாத உதிரிப்பாகம் ஒன்றை எவரும் எம் தலையில் கட்ட முடியாது.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

மரப்பலகை, அக்ரிலிக் போன்றவற்றை வெட்டப் பெரும்பாலும் பயன்படுவது காபனீரொட்சைட்டு லேசர். உலகின் முதலாவது லேசரை 1960 இல் அமெரிக்காவில் தியடோர் மைமன் இயக்கிக் காட்டினார். காபனீரொட்சைட்டு லேசரை 1964 இல் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். இவர் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் பாராமதி என்ற ஊரில் பிறந்தவர். அதே புனே மாவட்டத்தில் பாபல் என்ற கிராமத்தில் விஞ்ஞான ஆசிரமம் என்ற கல்வி நிலையம் 1983 முதல் இயங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் உலகின் பல இடங்களில் தொடங்க உதவிய சிறு தொழிற்கூடங்களில் மிக ஆரம்பமான ஒன்று 2002 இல் இந்தக் கிராமத்தில்தான் அமைந்தது. கிராமத்தவர் தமக்குத் தேவையானதைத் தாமே கணினியில் வரைந்து, தாமே வெட்டிச் செய்து, தாமே பழுதும் பார்க்க வேண்டும் என்பதே அதன் எண்ணம். தோட்டத்துப் பெண்ணுக்கும் வன்னிப் பெண்ணுக்கும் இது தூரத்து விடயம் அல்ல.

இயந்திரத்தில் ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வெளிவருகிறது. மூன்று சிறு ஆடிகளில் பட்டுத் திரும்பி, தலைப்பகுதியிலுள்ள வில்லையால் ஒரு புள்ளியாகக் குவிந்து பலகையைச் சுடுகிறது. இரண்டு மோட்டர்கள் பல்லுள்ள பெல்ட்டுகளை இழுத்து அந்தத் தலையை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகர்த்துகின்றன. பொறிக்கும்போது தலை தும்புத்தடி போல வரிவரியாக வேகமாக ஓடுகிறது. வெட்டும்போது கோட்டின் வழியே மெதுவாகப் போகிறது. இரண்டு வேலையும் இரண்டு விதமான ஓட்டம். ஒன்றில் சரியாக நிற்கும் இயந்திரம் மற்றதில் தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் ஒரு சோதனை

எதையும் கழற்றுவதற்கு முன் கழிவுப் பலகை ஒன்றை எடுங்கள். கணினியில் 50 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றை வெட்டுக்கோடாகக் கீறுங்கள். அதன் நடுவில் 40 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றைப் பொறிப்பதற்காக வையுங்கள். இரண்டையும் ஒரே கோப்பில், ஒரே தடவையில் இயந்திரத்துக்கு அனுப்புங்கள். முதலில் பொறித்தல், பிறகு வெட்டுதல். வெட்டி எடுத்ததும் நான்கு பக்க ஓரத்தையும் அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு ஓரமும் 5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அளவுகளை மாற்றாமல் இதை மூன்று தடவை செய்யுங்கள்.

இப்போது அளவுகளை வாசிப்போம்.

1. நான்கு ஓரமும் சமமாக, ஆனால் 5 இலும் சற்றுக் குறைவாக, உதாரணமாக 4.9 ஆக இருந்தால் அது விலகல் அல்ல. கதிர் எரித்து எடுக்கும் அகலம் அது. பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் வரை இருக்கும். அதில் பாதி பொருளின் பக்கம் போகிறது. இதற்காக இயந்திரத்தைத் தொட வேண்டாம்.

2. மூன்று தடவையும் சரியாக வந்தால் இயந்திரம் நல்லது. உங்கள் வரைபடத்திலோ, அதை அனுப்பும் முறையிலோ, பலகையை வைக்கும் விதத்திலோதான் காரணம் இருக்கிறது.

3. மூன்று தடவையும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால், ஒரு அமைப்பு மாறியிருக்கிறது. பொறிப்பதற்கும் வெட்டுவதற்கும் இடையில் மேசையின் உயரத்தை மாற்றினீர்களா என்றும் பாருங்கள்.

4. ஒவ்வொரு தடவையும் வேறு அளவு விலகினால், எங்கோ ஒன்று தளர்ந்திருக்கிறது அல்லது பலகை அசைகிறது.

5. இடம் வலமாக மட்டும் விலகினால் தலையை இழுக்கும் பெல்ட்டைப் பாருங்கள். முன் பின்னாக மட்டும் விலகினால் தலை ஓடும் குறுக்குச் சட்டத்தை இழுக்கும் பெல்ட்டுகளைப் பாருங்கள்.

6. பொறித்த சதுரமே படிக்கட்டு போலச் சரிந்திருந்தால், வேகம் தாங்காமல் மோட்டர் அடி தவறுகிறது. வேகத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள்.

இந்த ஒரு துண்டுப் பலகை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்து விடும்.

வரைபடத்தில் உள்ள காரணங்கள்

நாம் கண்ட விலகல்களில் அதிகமானவை இயந்திரத்தில் இருக்கவில்லை. கோப்பில்தான் இருந்தன.

பொறிப்பதற்கு ஒரு கோப்பு, வெட்டுவதற்கு இன்னொரு கோப்பு என்று தனித்தனியாக அனுப்புவது முதலாவது காரணம். தலை நிற்கும் இடத்திலிருந்து வேலையைத் தொடங்கு என்று அமைத்திருந்தால், நாம் அனுப்பிய உருவத்தின் மூலையையே இயந்திரம் தன் தொடக்கமாக எடுக்கும். வெட்டுக் கோப்பில் அந்த மூலை விளிம்பின் மூலை. பொறிக்கும் கோப்பில் அது எழுத்தின் மூலை. ஆகவே எழுத்து, விளிம்பிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். விலகிய அளவு நீங்கள் விட்ட ஓரத்தின் அளவாகவே இருந்தால் இதுதான் காரணம். இரண்டையும் ஒரே கோப்பில் வேறு வேறு நிறத்தில் வைத்து ஒன்றாக அனுப்புங்கள். தனித்தனியே அனுப்பத்தான் வேண்டுமென்றால் இரண்டு கோப்பிலும் ஒரே அளவான வெளிச்சட்டம் ஒன்றை ஒரே இடத்தில் வையுங்கள். அல்லது மேசையின் நிரந்தர அளவிலிருந்து தொடங்கும்படி அமையுங்கள். லைட்பேர்ன் மென்பொருள் பாவிப்பவர்கள், தெரிவு செய்த உருவத்தை மட்டும் அனுப்பும் அமைப்பு தவறுதலாகப் போடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் எழுத்துரு. எமது நாட்டில் இன்னமும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகள் கலந்து நிற்கும். ஒத்த இன்னொரு எழுத்துரு வந்து நின்றாலும் அகலம் மாறிவிடும். பெயர் நீண்டு விளிம்பைத் தாண்டும். பார்ப்பவர் மெசினைக் குறை சொல்வார். கோப்பைச் சேமிப்பதற்கு முன் எழுத்துகள் அனைத்தையும் கோடுகளாக மாற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் உருவத்தைப் பாதையாக மாற்றும் கட்டளை இதைச் செய்யும். மாற்றிய பின் எழுத்துப்பிழை திருத்த முடியாது. ஆகவே பெயரையும் திகதிகளையும் வீட்டாரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே மாற்ற வேண்டும்.

மூன்றாவது அளவு மாற்றம். ஒரு மென்பொருள் அங்குலத்துக்கு 72 புள்ளி என்றும், இன்னொன்று 96 என்றும் கணக்கெடுக்கும். இங்க்ஸ்கேப் 2017 இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து 90 ஐ விட்டு 96 க்கு மாறியது. ஆகவே 100 மில்லிமீற்றர் கோடு ஒன்றை அளந்து பாருங்கள். 75 ஆக வந்தால் 72 க்கும் 96 க்கும் உள்ள குழப்பம். 93.75 ஆக வந்தால் பழைய 90 கணக்கு. பொறிப்பதை ஓரிடத்திலும் வெட்டுவதை இன்னோரிடத்திலும் வரைந்து சேர்ப்பவர்களுக்கு இது நிச்சயம் வரும்.

பலகையில் உள்ள காரணங்கள்

தையல் மெசினில் துணியைக் கையால் இழுத்தால் தையல் கோணும். இங்கேயும் அப்படித்தான். வடகீழ்ப் பருவ மழைக் காலத்தில் ப்ளைவுட் ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும். வளைந்த பலகையின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும். கதிர் செங்குத்தாக இல்லாவிட்டால் உயரம் மாறும்போது இடமும் மாறும். பலகைகளை நிலத்தில் சாய்த்து வைக்காமல், மட்டமான தட்டில் பாரம் ஏற்றி வையுங்கள். வேலையின்போது நான்கு மூலையையும் காந்தத்தால் பிடித்து வையுங்கள்.

வெட்டும் ஒழுங்கும் முக்கியம். முதலில் பொறித்தல், அடுத்து உள்ளே உள்ள துளைகள், கடைசியாக வெளி விளிம்பு. வெளி விளிம்பை முதலில் வெட்டினால் துண்டு கழன்று சரியும். காற்றுக்குழாயின் ஊதலே மெல்லிய துண்டை நகர்த்தப் போதும்.

ஏற்கெனவே வெட்டிய பொருளில் பெயர் பொறிக்க வேண்டுமானால் கண்ணால் பார்த்து வைக்க வேண்டாம். சிவப்புப் புள்ளி காட்டும் விளக்கையும் முழுதாக நம்ப வேண்டாம். பல இயந்திரங்களில் அந்த விளக்கு வேறு, வெட்டும் கதிர் வேறு. தட்டில் தடித்த மட்டை ஒன்றை டேப்பால் ஒட்டி, அதில் அந்தப் பொருளின் உருவத்தை வெட்டி எடுங்கள். மட்டையை அசைக்காமல் அந்தப் பள்ளத்துக்குள் ஒவ்வொரு பொருளாக வைத்து, மேசையின் நிரந்தர அளவிலிருந்தே பொறியுங்கள். நூறு சாவிக் கோர்வை என்றாலும் ஒரே இடத்தில் எழுத்து விழும்.

மின்சாரம் இடையில் நின்றால் பலகையைத் தொடாதீர்கள். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். இன்றும் மழைக்கு மரம் விழுந்தால் மின்சாரம் போகும். மின்சாரம் திரும்பியதும் தலையைத் தொடக்க மூலைக்கு அனுப்புங்கள். நிரந்தர அளவில் வைத்து வேலை செய்திருந்தால் மீதியை அதே இடத்தில் தொடரலாம். பலகையை எடுத்துப் பார்த்து மறுபடி வைத்தால் அது முடிந்த கதை.

இயந்திரத்தில் உள்ள காரணங்கள்

மின்சாரத்தை நிறுத்தி, செருகியையும் கழற்றிய பின்னரே இந்தப் பகுதிகளைத் தொட வேண்டும்.

மோட்டரின் தண்டில் ஒரு சிறு பற்சில்லு இருக்கும். அதைத் தண்டோடு பிடித்திருப்பது மிகச் சிறிய திருகாணி. அது தளர்ந்தால் மோட்டர் சுற்றும், சில்லு சற்றுப் பின்தங்கும். ஒரு தடவை எமது இயந்திரத்தில் விலகல் இடம் வலமாக மட்டும், ஒவ்வொரு தடவையும் வேறு அளவாக வந்தது. தொலைபேசியில் கேட்டபோது, திருத்துபவர் ஒருவர், "அக்கா, போர்டு போயிருச்சு. புதுசு மாத்தணும்" என்றார். அவர் சொன்ன விலை எமது குழுவின் இரண்டு மாத வருமானம். வன்னியிலிருந்து வந்த சகோதரி உடனே சம்மதிக்கவில்லை. "போர்ட் பழுதெண்டா ரெண்டு பக்கமும் எல்லோ பிழைக்க வேணும், ஏன் ஒரு பக்கம் மட்டும்?" என்று கேட்டார். பேனாவால் தண்டுக்கும் சில்லுக்கும் குறுக்கே ஒரே கோடாகக் கீறி வைத்துவிட்டு ஒரு வேலையை ஓட்டினோம். பிறகு பார்த்தபோது கோடு இரண்டாக உடைந்து நின்றது. அலன் கீயால் திருகாணியை இறுக்கினோம். செலவு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பேனாக் கோடு எல்லாச் சில்லுகளிலும் நிரந்தரமாக இருக்கிறது. மாதம் ஒரு தடவை பார்க்கிறோம்.

பெல்ட் தளர்ந்திருந்தாலும் விலகல் வரும். விரலால் அழுத்தினால் சற்றே கொடுத்து உடனே திரும்ப வேண்டும். தொங்கவும் கூடாது, கம்பி போல் விறைக்கவும் கூடாது. பலகைப் புகையின் பிசின் ஓட்டப் பாதையில் படிந்தால் தலை தடக்கும். வாரம் ஒரு தடவை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

குறுக்குச் சட்டத்தின் ஒரு பக்கப் பெல்ட் ஒரு பல் தாண்டினால் சட்டம் சாய்ந்துவிடும். இதை அறிய மேசன் மார் பாவிக்கும் மூலைமட்டக் கணக்கே போதும். 300 க்கு 400 மில்லிமீற்றர் நீள்சதுரம் ஒன்றைக் கழிவு மட்டையில் மெல்லிதாகக் கீறச் செய்யுங்கள். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் 500 ஆக இருக்க வேண்டும். சிறிய மேசை என்றால் 150 க்கு 200, மூலை 250. ஒரு மூலை கூடி மறு மூலை குறைந்தால் சட்டம் சாய்ந்திருக்கிறது. மூலைகள் இரண்டும் சமமாக இருந்து பக்க அளவு மட்டும் கூடிக் குறைந்தால், மென்பொருளில் உள்ள அடிக்கணக்கைத் திருத்த வேண்டும்.

எழுத்தின் நேர்க்கோடுகள் சீப்புப் பல் போலத் தெரிந்தாலோ, மெய்யெழுத்தின் புள்ளி இரட்டையாகத் தெரிந்தாலோ, போகும் வரியும் திரும்பும் வரியும் பொருந்தவில்லை என்பது பொருள். ஒரு திசையில் மட்டும் பொறிக்கச் செய்து பாருங்கள். சரியாக வந்தால் காரணம் அதுவே. நேரம் ஏறத்தாழ இரு மடங்கு போகும். அவசரம் இல்லாவிட்டால் அப்படியே செய்யலாம். இல்லையேல் மென்பொருளில் திரும்பும் வரிக்குரிய திருத்தத்தைக் கொடுக்கலாம். இத்திருத்தம் வேகத்துக்கு வேகம் மாறும்.

தடித்த அக்ரிலிக்கில் வெட்டிய பக்கம் சாய்வாக இருந்தால் கதிர் செங்குத்தாக இறங்கவில்லை. ஆடிகளைச் சரிப்படுத்த வேண்டும். இதைப் பயிற்சி பெற்ற ஒருவருடன் இருந்து ஒரு தடவையாவது பழகிய பின்னரே தனியாகச் செய்ய வேண்டும்.

தொடக்கூடாதவை

காபனீரொட்சைட்டு லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். மூடியைத் திறந்து வைத்து இயக்க வேண்டாம். அந்த லேசருக்கென உள்ள பாதுகாப்புக் கண்ணாடியை அணியுங்கள். குழாய்க்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியைத் திறக்கவே கூடாது. அதில் உயிரைப் பறிக்கும் உயர் மின் அழுத்தம் உண்டு. நிறுத்திய பின்னும் மின் தேங்கியிருக்கலாம். பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கை வெட்டினால் நச்சு வாயு வரும், இயந்திரமும் துருப்பிடிக்கும். வெட்டு நடக்கும்போது அடுப்பைப் பார்க்கவோ பிள்ளையைப் பார்க்கவோ எழுந்து போக வேண்டாம். தீப்பிடிக்க ஒரு நிமிடம் போதும். போக வேண்டியிருந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போங்கள்.

ஒரு கொப்பி

இயந்திரத்துக்கென ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சதுரத்தின் நான்கு ஓர அளவுகளையும் திகதியுடன் வாரம் ஒரு தடவை எழுதுங்கள். பெரிய வேலைக்கு முன் கட்டாயம் எழுதுங்கள். அளவு மெல்ல மெல்ல மாறுவது கொப்பியில் முதலில் தெரியும், பலகையில் பிறகுதான் தெரியும்.

சில பழுதுகளுக்குத் திருத்துபவரை அழைக்கத்தான் வேண்டும். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் "மெசின் வேலை செய்யுதில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பக்கம் விலகுகிறது, எத்தனை மில்லிமீற்றர், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவா என்ற மூன்றையும் கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள். கேட்பவர் உங்களோடு கதைக்கும் விதம் அங்கேயே மாறும். விலை சொல்லும் விதமும் மாறும்.